கை படாத இடத்தில் பெயிண்ட் உரியாது

கேள்வி கேட்டவர் காரைக்குடிக்கு மாற்றலாகி வந்திருக்கும் ஒரு வீட்டம்மா. முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் பெயிண்ட் உரிந்த ஜன்னல் கதவு, முக்காலி, கண்ணாடிச் சட்டம் எல்லாம் பார்த்து மயங்கியிருக்கிறார். விலையைக் கேட்டதும் மயக்கம் தெளிந்துவிட்டது. வாடகை வீடு, நாலு வயதுப் பையன், கையில் 3,000 ரூபாய். இதற்குள் அந்தப் பழைய தோற்றத்தை நாமே கொண்டுவர முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். 3,000 ரூபாயில் ஒரு கண்ணாடிச் சட்டம், ஒரு சுவர்ப் பலகை, ஒரு முக்காலி என்று மூன்று சாமான் செய்துவிடலாம். ஆனால் உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அரை நாள் சும்மா சுற்ற வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் மரத்துக்குப் பூச்சு வேலை செய்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் முகப்பைப் பாலிஷ் போடுவது, பின்கட்டு ஜன்னலுக்கு இனாமல் அடிப்பது என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு பழைய வீடுகளை விடுதியாக்குகிறவர்கள் வந்து, புது ஸ்டூலைப் பழசாக்கிக் கொடு என்றார்கள். பழசைப் புதுசாக்கியே பழகிய கைக்கு அது வேடிக்கையாக இருந்தது. முதல் முக்காலிக்குப் பச்சை அடித்து, மேலே வெள்ளை அடித்து, உப்புத்தாளால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்த்து வைத்தேன். பக்கத்தில் நிலை இழைத்துக்கொண்டிருந்த ஆசாரி எட்டிப் பார்த்தார். “என்னப்பு, எலி கிலி கடிச்சிருச்சா?” என்றார். எனக்குக் கோபம். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். “உக்காருற எடம் தேயும். கால் வைக்கிற குறுக்குக் கட்டை தேயும். அடிப்பக்கம் எதுக்குத் தேயுது? எவன் அங்க கைய வச்சான்?”

அன்றைக்குக் கற்றதுதான் இந்தத் தொழிலில் முக்கால் பங்கு. தேய்மானத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அது இல்லாமல் தேய்த்தால் மூன்று வயதுக் குழந்தைகூட இது பொய் என்று சொல்லிவிடும்.

அதனால்தான் சுற்றச் சொன்னேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் பக்கத்தில்தான். முகப்புக் கதவைப் பார்க்க வேண்டாம். அது பர்மா தேக்கு. பாலிஷ் பூசிப் பேணியது, பெயிண்ட் கண்டிருக்காது. உங்களுக்கு வேண்டியது பின்கட்டு. அடுப்படிக் கதவு, கிணற்றடிக் கதவு, தெருவைப் பார்த்த ஜன்னலின் வெளிப்பக்கம். அங்கேதான் தலைமுறைக்கு ஒரு நிறமாக இனாமல் ஏறியிருக்கும்.

பள்ளத்தூரில் நான் வேலை பார்த்த ஒரு வீட்டின் மூன்றாங்கட்டுக் கதவு இன்னும் கண்ணில் நிற்கிறது. கொண்டியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டே இல்லை. எண்ணெய்க் கை பட்டுப்பட்டு மரம் கறுத்து மினுங்கிற்று. தொங்குகிற கொண்டி ஆடி ஆடிக் கதவில் ஒரு பிறை வரைந்திருந்தது. பிறைக்குள் கீழே இருந்த பச்சை, அதற்கும் அடியில் செங்காவி, நடுவில் மரம். கீழே ஒரு முழம் உயரத்துக்கு வாசல் கழுவுகிற தண்ணீர் தெறித்து, பெயிண்ட் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. வெயில் படுகிற மேல்பாதியில் உரியவில்லை. ஆனால் நிறம் வெளுத்து, தடவினால் விரலில் மாவு ஒட்டிற்று. மரத்தின் ரேகை ஓடுகிற போக்கிலேயே மயிரிழை வெடிப்பு. சட்டமும் பலகையும் சேருகிற பள்ளத்தில் மட்டும் நாலு பூச்சும் தடித்து அப்படியே இருந்தது. கை போகாத இடம், தண்ணீர் போகாத இடம்.

ஆக, பெயிண்டைக் கெடுப்பது மூன்று. கை, தண்ணீர், வெயில். மூன்றும் மூன்று விதமாகக் கெடுக்கும். நாமும் மூன்று விதமாகத்தான் கெடுக்க வேண்டும்.

முதலில் மரம். கடைத்தெருவில் நிலை, தூண், செதுக்கு வேலை உள்ள சட்டம் பக்கம் போகாதீர்கள். அதெல்லாம் இடித்த வீடுகளின் எலும்பு. விலையும் அப்படித்தான் இருக்கும், பார்த்தால் மனசும் ஒரு மாதிரி ஆகும். கடையின் பின்மூலையில் குவிந்து கிடப்பதைக் கேளுங்கள். ஒற்றை ஜன்னல் கதவு, கண்ணாடி போன வெண்டிலேட்டர், கால் ஆடும் முக்காலி, உடைந்த இழுப்பறையின் முகப்பலகை. இவற்றை அடக்க விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அறுவை மில்லில் வேம்பு, மா, பூவரசுத் துண்டுகள் கிடைக்கும். மெஷின் இறக்குமதியாகி வரும் பேக்கிங் பலகையும் நல்லதுதான். அதில் முத்திரை பாருங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மீத்தைல் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். கீல், கொண்டி, கைப்பிடிக்குக் காயலான் கடை. துருப்பிடித்ததாகப் பார்த்து எடுங்கள், துரு பின்னால் வேறொன்றுக்கும் உதவும்.

எந்த மரமானாலும் தரையில் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரித் தூள் கொட்டினால் மரத்தைத் துளைக்கிற உளு உயிரோடு இருக்கிறது. மலிவு என்று அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வீட்டிலுள்ள கட்டில் வரைக்கும் போய்விடும்.

தூக்கும்போது கனத்து, மறைவான ஓரத்தில் சுரண்டினால் பொன்னிறமாக, பதப்படுத்திய தோல் மாதிரி ஒரு வாசனையோடு இருந்தால் அது தேக்காக இருக்கும். அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். துடைத்து எண்ணெய் போட்டு அப்படியே வையுங்கள். தேக்குக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்துத் தேய்த்து விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒப்பாது.

இப்போது பையன் விஷயம். இதை மட்டும் வேகமாகப் படிக்காதீர்கள். பழைய இனாமல் பெயிண்டில், முக்கியமாக மஞ்சள், பச்சை, சிவப்பில், ஈயம் கலந்திருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய பெயிண்ட் உள்ள எந்த ஜன்னலையும் சந்தேகப்பட வேண்டும். நிஜமாகவே உரிந்த பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் வீடெல்லாம் பரவும். தரையில் விளையாடுகிற பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற நஞ்சு. நெருப்பு காட்டி உரிப்பது அதைவிட மோசம். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்: பழைய பெயிண்ட் உள்ள சாமானே வாங்காதீர்கள். பெயிண்ட் படாத பழைய மரத்தையோ புது மரத்தையோ வாங்கி, புதுப் பெயிண்டை அடித்து அதை உரியுங்கள். பெயிண்ட் டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தேய்க்கும்போது மூக்குக்கு மாஸ்க், தேய்த்த பிறகு ஈரத்துணியால் துடைப்பு. பையன் அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று தரை. நீங்கள் இருப்பது பழைய வீடானால் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கும். அது சிமெண்டில் செய்த கல். வினிகர் பட்டால் அரித்துவிடும், பெயிண்ட் சொட்டினால் ஊறிவிடும். சாக்கும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் விரித்துவிட்டு உட்காருங்கள்.

சாதாரண எமல்ஷனை அடித்துத் தேய்த்தால் ரப்பர் மாதிரி உருண்டு, தோலாகக் கிளம்பும். பழைய பெயிண்ட் அப்படித் தேயாது, பொடியாகும். அதற்குத்தான் சுண்ணப்பொடி கலக்க வேண்டும். கடைகளில் சாக் பெயிண்ட் என்று விற்பது இந்த வகைதான், சின்ன டப்பாவுக்கே நல்ல விலை. வீட்டிலேயே கலக்கலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, வெள்ளை எமல்ஷன் மூன்று பங்கு. பொடியை முதலில் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கட்டியில்லாமல் கரைத்து, அதைப் பெயிண்டில் ஊற்றிக் கிளற வேண்டும். பொடியை நேராகப் பெயிண்டில் கொட்டினால் ரவைக் கஞ்சி மாதிரி கட்டி தட்டும். கலந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இறுக ஆரம்பிக்கும், அதனால் ஒரு டம்ளர் அளவுக்கு மேல் கலக்காதீர்கள். அவசரம் பிடிக்காதவர்கள் பிளாஸ்டருக்குப் பதில் சாக் பவுடர் சேர்க்கலாம், அது இறுகாது. நிறத்துக்கு ஸ்டெய்னர் பாட்டில், இல்லையென்றால் ஆத்தங்குடிக் கல்லுக்குப் போடுகிற அதே ஆக்சைடு பொடி. செங்காவியும் மஞ்சளும் கொஞ்சம் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் சுரண்டினால் பெரும்பாலும் அடியில் செங்காவி, அதன்மேல் கிளிப்பச்சையோ கரும்பச்சையோ, அதற்கு மேல் நம் காலத்து வெளிர் நீலமோ க்ரீமோ வரும். அதே வரிசையில் அடித்தால் இந்த ஊர்ச் சாமான் மாதிரி இருக்கும். வெறும் வெள்ளையை மரத்தின்மேல் அடித்துத் தேய்ப்பது வெளிநாட்டுப் படங்களில் அழகு. இங்கே அது வெள்ளையடிக்க வந்தவன் கைதவறித் தெறித்த மாதிரி இருக்கும்.

மரத்தை 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டுச் செங்காவி ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்ததும் மெழுகுவத்தி. சாதாரண வெள்ளை மெழுகுவத்திதான். கை படுகிற விளிம்பு, கொண்டி வரப்போகிற இடம், முக்காலியானால் உட்காரும் பலகையின் முன் ஓரம், இங்கெல்லாம் அழுத்தித் தேயுங்கள். அதன்மேல் பச்சை. காய்ந்ததும் வேறு சில இடங்களில் மறுபடி மெழுகு, அதன்மேல் நீலம். மெழுகு உள்ள இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. மறுநாள் 180-ஆம் நம்பர் தாளை ஒரு கட்டையில் சுற்றி விளிம்பில் மெதுவாக ஓட்டினால் நீலம் போய்ப் பச்சை தெரியும், இன்னும் கொஞ்சம் ஓட்டினால் செங்காவி, அதற்கும் மேல் மரம். நடுவில் மரம், சுற்றி செங்காவி, அதைச் சுற்றி பச்சை என்று வளையமாக வர வேண்டும். கை வேலை செய்த அடையாளம் அது. ஒரே வீச்சில் மரம் வரைக்கும் போனால் வளையம் வராது. கொண்டியை மாட்டிவிட்டு நாலு தடவை ஆட்டிப் பாருங்கள். அது உரசுகிற பாதையில் பிறை போடுங்கள். இந்த ஒரு பிறைக்காக விடுதிக்காரர் ஒருவர் என்னிடம் ஆறு ஸ்டாண்டு கூடுதலாக வாங்கினார்.

தண்ணீர்ச் சேதம் அடிப்பாகத்துக்கு. அங்கே மெழுகை ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாகப் பூசி, பெயிண்ட் கொஞ்சம் கனமாக அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளுக்குப் பதில் பட்டி பார்க்கிற தகட்டால் சுரண்டுங்கள். செதிலாகக் கிளம்பும். தாளால் தேய்த்தால் செதில் வராது.

வெயில் வெடிப்புக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள், எல்லோரும் கெடுப்பதும் அதில்தான். அடிப்பூச்சு காய்ந்ததும் பெவிகால் மாதிரி வெள்ளைப் பசையைப் பிரஷால் மேலே தடவ வேண்டும். பசை முழுக்கக் காயக் கூடாது. விரல் வைத்தால் ஒட்டி, ஆனால் விரலோடு வராத பதம். அப்போது மேல்நிறத்தை ஒரே திசையில், ஒரே இழுப்பில் அடித்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். திரும்ப அதே இடத்தில் பிரஷ் போனால் கூழாகிவிடும். மேல்பூச்சு சீக்கிரம் காய்ந்து சுருங்கும், அடியில் பசை இன்னும் வழுக்கும், அதனால் வெடிக்கிறது. பசை மெல்லிசானால் மயிரிழை, தடித்தால் வயல்வெடிப்பு. சித்திரை வெயிலில் நம்மூரில் பசை கால் மணி நேரத்துக்குள் வறண்டுவிடும். அதனால் ஒரு சாணுக்கு மேல் ஒரே நேரத்தில் தடவாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைச் செய்யவே செய்யாதீர்கள், மறுநாள் வரைக்கும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். எங்கே வெடிக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். பள்ளத்துக்குள் வெடிக்காது, வெயில் பார்த்த முகத்தில்தான் வெடிக்கும்.

சங்கிலியால் அடித்துக் குழி போடுவது, ஆணியால் குத்தி உளுத்த ஓட்டை போடுவது என்றெல்லாம் வீடியோக்களில் காட்டுகிறார்கள். வேண்டாம். ஓட்டை சீராக வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இனி எனக்குப் பிடித்தது. புது வேம்போ பேக்கிங் பலகையோ எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே பளிச்சென்று வெளிறியிருக்கும். பெயிண்ட் பழசு, மரம் நேற்றைக்கு வெட்டியது என்று தெரிந்துவிடும். அதற்குக் கடுக்காய். நம் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஊறப்போட்ட அதே கடுக்காய்தான். நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவே கிடைக்கும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். இன்னொரு பக்கம், காயலான் கடைத் துரு ஆணி ஒரு கைப்பிடியைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வினிகர் ஊற்றி ஒரு வாரம் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் நார் இதற்கு ஆகாது, துருப்பிடிக்கிற இரும்புதான் வேண்டும்.

வெறும் மரத்தில் முதலில் கடுக்காய்த் தண்ணீர். காய்ந்ததும் இரும்பு வினிகர். பூசும்போது ஒன்றும் தெரியாது. பிரஷைக் கழுவிவிட்டு வருவதற்குள் மரம் சாம்பல் நிறமாகி, பிறகு மழையில் பத்து வருஷம் நனைந்த கட்டை மாதிரி கறுத்துப்போகும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கிற சங்கதி இது. கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதும் இதே வழியில்தான். பெயிண்டுக்கு முன்னால் இதைச் செய்து, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் செங்காவி அடியுங்கள். உப்புத்தாள் மரம் வரைக்கும் போகும்போது கறுத்த மரம் தெரியும். மாமரம் ஒரு மாதிரி, வேம்பு ஒரு மாதிரி ஏறும். துண்டுப் பலகையில் பார்த்துவிட்டுப் பூசுங்கள். கையுறை போடாவிட்டால் நகக்கண் ஒரு வாரம் கறுப்பாகவே இருக்கும்.

எல்லாம் ஆனதும் மேலே ஒரு காப்பு வேண்டும், இல்லாவிட்டால் பொடி சேலையில் ஒட்டும். பையன் தொடுகிற முக்காலிக்குத் தண்ணீர் கலக்கிற மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு. பளபளப்பு வகை வாங்கிவிடாதீர்கள், இவ்வளவு நேரம் பட்ட பாடு வீணாகும். சுவரில் மாட்டுகிற சட்டத்துக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் அல்லாத ஏதாவது எண்ணெய் மூன்று நாலு பங்கு, வெந்நீரில் பாத்திரத்தை வைத்து உருக்கித் துணியால் தேய்த்தால் போதும். ஆளிவிதை எண்ணெய் நல்லது. அதைத் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பைக்கு.

செலவு என்று பார்த்தால், மரத்துக்குப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். வெள்ளை எமல்ஷன் ஒரு லிட்டர், ஒரு கிலோ பிளாஸ்டர், இரண்டு ஸ்டெய்னர், சின்னப் பசை டப்பா, உப்புத்தாள் ஆறு, இரண்டு பிரஷ், மேட் வார்னிஷ் சின்னது. மூன்று சாமானுக்கும் இதுவே மிஞ்சும். மிச்சப் பணத்தில் வெண்டிலேட்டர் சட்டத்துக்குக் கண்ணாடி வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், கடைக்காரரே பொருத்திக் கொடுத்துவிடுவார்.

மாட்டும்போது பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும், முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். சட்டத்தைத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்து, பையன் இழுக்காதபடி மேலே உள்ள கொக்கியில் கயிறு கட்டுங்கள். பழைய வீட்டில் எங்காவது ஒரு கொக்கி இருக்கும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் பெயிண்ட் உள்ளே இறுக மூன்று வாரம் ஆகும். அதுவரைக்கும் அந்த முக்காலியின்மேல் குத்துவிளக்கு வைத்துவிடாதீர்கள். எண்ணெய் வழிந்தால் அந்த வட்டம் பிறகு எதற்கும் போகாது.